அகராதிகளின் கதை – 9: ஸ்ரீரங்கப்பட்டணத்து முள்வேலி

தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்துகொண்டே அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்த ஆர்தர் கோக் பர்னலும், வங்காளப் பொறியாளர் படையிலிருந்து ஓய்வுபெற்று மார்க்கோ போலோவின் பயண நூலை 1871இல் ஆங்கிலத்தில் வெளியிட்டிருந்த ஹென்றி யூலும், இந்தியாவில் வழங்கிய ஆங்கிலச் சொற்களுக்கென ஓர் அகராதி வேண்டும் என்று கருதி, 1872 முதல் கடிதங்கள் வழியாகவே அதனை வளர்த்து வந்த வரலாற்றைச் சென்ற பகுதி விவரித்தது.

1882 அக்டோபர் 12ஆம் நாள் பர்னல் இங்கிலாந்தில் காலமானார். அவருக்கு வயது 42. யூலுக்கோ அறுபதைக் கடந்துவிட்டது.

நண்பர் விட்டுச்சென்ற குறிப்புகளைத் தம்முடையவற்றோடு சேர்த்து, மேலும் நான்கு ஆண்டுகள் உழைத்து, 1886இல் யூல் அந்நூலை இலண்டனில் வெளியிட்டார். முகரம் ஊர்வலத்தில் எழும் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்ற ஓலம் ஆங்கிலச் சிப்பாய்களின் காதில் திரிந்து விழுந்த வடிவமான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்பதையே அவர் நூலுக்குப் பெயராக வைத்தார். அந்த அகராதிக்குள் மைசூர் எவ்வாறு நுழைந்தது, நுழைந்த சொற்களுக்குப் பொருள் எவ்வாறு முடிவு செய்யப்பட்டது என்பதே இப்பகுதியின் செய்தி.

பழைய பொருள் என்பது எது?

ஒரு சொல் பழையதாவது ஒரே வழியில் நிகழ்வதன்று. சில வேளைகளில் சொல்லே பேச்சிலிருந்து நீங்கிவிடுகிறது. சில வேளைகளில் சொல் குறித்த பொருள் உலகிலிருந்து மறைந்துவிட, சொல் மட்டும் நூல்களில் எஞ்சுகிறது. மூன்றாவது வழி சொல் நன்றாக வாழ்ந்துகொண்டிருக்க, அதன் உள்ளீடு மட்டும் மாறிப்போவது. முதல் இரண்டிலும் படிப்பவர் அறியாத சொல்லைக் கண்டு அகராதியைத் தேடுவார். மூன்றாவதில் அவருக்குத் தேடத் தோன்றுவதே இல்லை. தமக்குத் தெரிந்த பொருளையே பழைய வரியில் வைத்துப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார். அகராதியாளருக்குப் பெருஞ்சோதனை இந்த மூன்றாவது வகைதான்.

1755இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட அகராதி, ஏறத்தாழ 42,000 சொற்களுக்குப் பொருள் எழுதி, புகழ்பெற்ற எழுத்தாளர்களின் வரிகளை ஆதாரமாகக் காட்டியது. ஆனால் அம்மேற்கோள்களுக்கு ஆசிரியர் பெயர் இருந்ததே ஒழிய ஆண்டு இல்லை. ஒரு பொருள் எப்போது தோன்றியது, எப்போது அருகியது என்பதை அதிலிருந்து அறிய இயலாது. தமிழ் மரபிலும் நிகண்டுகள் சொற்களைத் தொகுத்துத் தந்தன. உரையாசிரியர்கள் அருஞ்சொற்களுக்குப் பொருள் கூறி வேறு நூல்களிலிருந்து மேற்கோளும் காட்டினர். காலவரிசை அங்கும் தனி நோக்கமாக இருக்கவில்லை.

யூலும் பர்னலும் தேர்ந்தெடுத்த முறை வேறு. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே, அது எழுத்தில் தோன்றிய இடங்களை ஆண்டுவாரியாக அடுக்கிவைப்பதும், மேலே தரும் விளக்கம் அந்தச் சாட்சியங்களுக்குக் கட்டுப்பட்டு நிற்பதும் அவர்களுடைய நெறி. கவிஞரும் நாடக ஆசிரியரும் மட்டுமே சாட்சிகள் என்ற வரம்பையும் அவர்கள் நீக்கினர். படைத்தளபதி, வணிகர், பாதிரியார், நிலவரி அதிகாரி என யார் எழுதியதாயினும் ஆண்டு தெரிந்தால் அது சாட்சியே.

இந்த வரம்பு நீங்கிய பிறகுதான் மைசூருக்கு அகராதியில் இடம் கிடைத்தது.

போர் எழுதிய நூல்கள்

1767 முதல் 1799 வரை கிழக்கிந்தியக் கம்பெனி மைசூரோடு நான்கு போர்களை நடத்தியது. முதல் போரை ஹைதர் அலி நடத்தினார்; இரண்டாம் போரின் நடுவில், 1782இல், அவர் இறக்க, அவருடைய மகன் திப்பு சுல்தான் தொடர்ந்தார்; மூன்றாவதும் நான்காவதும் முழுமையாகத் திப்புவின் காலத்தவை. இங்கிலாந்தின் நாளிதழ் வாசகர்கள் ஆவலோடு பின்தொடர்ந்த போர்கள் இவை ஆதலால், திரும்பி வந்த அதிகாரிகள் நூல் எழுதினார்கள். அலெக்சாண்டர் டைரம் 1792ஆம் ஆண்டுப் படையெடுப்பின் வரலாற்றை 1793இல் வெளியிட்டார். அலெக்சாண்டர் பீட்சன் 1799ஆம் ஆண்டுப் போரைப் பற்றி அடுத்த ஆண்டிலேயே எழுதினார். வெல்லெஸ்லி பிரபுவின் ஆணைப்படி 1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடம், மலபார் ஆகிய நாடுகளைச் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன், வயலையும் தறியையும் உலைக்களத்தையும் நேரில் பார்த்து எழுதிய மூன்று தொகுதிகள் 1807இல் வந்தன. திப்புவின் கடிதங்களை வில்லியம் கிர்க்பாட்ரிக் 1811இல் மொழிபெயர்த்து வெளியிட்டார். இவை அனைத்திலும் விரிவானது மார்க் வில்க்ஸ் எழுதிய மைசூர் வரலாறு. அதன் முதல் தொகுதி 1810இலும், மற்ற இரண்டும் 1817இலும் வெளிவந்தன.

இந்நூல்களின் ஆங்கிலம் இலண்டன் ஆங்கிலமன்று. பாசறையில் பல ஆண்டுகள் புழங்கிப் பழகிய மொழி. ஹைதரின் இலகுரகக் குதிரைப்படையினரைக் குறிக்க ‘லூட்டி’ என்றொரு சொல் அதில் சரளமாக வருகிறது. கொள்ளையைக் குறிக்கும் ‘லூட்’ என்ற வட இந்தியச் சொல்லின் உறவு அது. ‘லூட்’ இந்திய ஆங்கிலத்தில் நெடுங்காலம் புழங்கிக் கிடந்து, 1841ஆம் ஆண்டுச் சீனப் போர், கிரிமியப் போர், 1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சி ஆகியவற்றின் இடைக்காலத்தில்தான் இங்கிலாந்தின் பொதுவழக்கில் படிப்படியாக ஏறியது என்று யூல் கணித்தார். ஒரு சொல் எந்தப் படையோடு எந்தத் துறைமுகத்திற்குப் போயிற்று என்பதைக்கூட ஆண்டுகள் காட்டிவிடும் என்பதற்கு இது நல்ல சான்று.

‘லூட்’ இன்றும் உலகெங்கும் வாழ்கிறது. அதே நூல்களில் அதனோடு சேர்ந்து நடமாடிய இன்னொரு சொல் வாழவில்லை. அச்சொல் ‘பவுண்டு ஹெட்ஜ்’.

1792 பிப்ரவரி 6, இரவு

காவிரி இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடும் இடத்தில் உள்ள தீவில் அமைந்தது ஸ்ரீரங்கப்பட்டணம். இன்றைய மைசூரு நகரிலிருந்து வடகிழக்கே சிறிது தொலைவு. தீவின் மேற்கு முனையில் கோட்டை. ஆற்றின் வடகரையில், பரந்ததொரு நிலப்பரப்பை வளைத்து, முட்செடிகளாலான அகன்ற வேலி ஒன்று வளர்க்கப்பட்டிருந்தது. அந்த வேலிக்கும் ஆற்றுக்கும் இடையே திப்புவின் படை பாளையமிறங்கியிருந்தது; வேலியை ஒட்டிக் காவல் அரண்களும் இருந்தன.

பிப்ரவரி 5ஆம் நாள் கார்ன்வாலிஸ் பிரபுவின் படை வடக்கே, இன்று பாண்டவபுரம் எனப்படும் பகுதியில் வந்து தங்கியது. ஹைதரின் ஊழியத்தில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் தங்கிய இடமாதலால், ஆங்கிலேயர் அங்குள்ள பாறைகளைப் பிரெஞ்சுப் பாறைகள் என்றே அழைத்தனர்.

மறுநாள் மாலையில் ஆணை பிறந்தது. முற்றுகைக்கான ஏற்பாடுகளை முடித்த பிறகே ஆங்கிலேயர் தாக்குவார்கள் என்று எவரும் எதிர்பார்த்திருக்கக்கூடிய நிலையில், அன்று இரவே, பீரங்கிகளை உடன் இழுத்துச் செல்லாமல், மூன்று பிரிவுகளாகச் சென்று வேலியைக் கடப்பது என்று கார்ன்வாலிஸ் முடிவு செய்தார். வலப்பக்கம் தளபதி மெடோஸ், இடப்பக்கம் மேக்ஸ்வெல், நடுவில் கார்ன்வாலிஸ் தாமே. நிலவொளியில் இரவு எட்டு மணி அளவில் படை நகர்ந்தது.

வலப்பிரிவு திசை பிறழ்ந்து, ஈத்கா மேட்டரணில் மோதிப் பலத்த இழப்போடு அதைப் பிடித்தது. அதன் பின்னர் நடுப்பிரிவைத் தேடிக் காணாது அலைந்தது. நடுப்பிரிவோ வேலிக்குள் புகுந்து, பாளையத்தை ஊடறுத்து, ஓடிவந்தவர்களோடு ஓடிக் காவிரியைக் கடந்து தீவிலேயே கால்வைத்துவிட்டது. விடிந்தபோது வேலி திப்புவின் கையில் இல்லை.

மார்ச் 18ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தானது. மைசூர் நாட்டில் பாதி பறிபோயிற்று. மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாய் தண்டமாகக் கேட்கப்பட்டது. திப்புவின் இரு பிள்ளைகள் பணயமாக அனுப்பப்பட்டனர். சேலம் உள்ளடங்கிய பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது இந்த உடன்படிக்கையால்தான் ஆதலால், அன்றிரவு வேலி கடக்கப்பட்டது தமிழ்நாட்டின் வரைபடத்தையும் மாற்றிய நிகழ்ச்சியாகும்.

எல்லையா, கட்டா?

இப்போரைப் பற்றிய நூல்களைப் பின்னாளில் எடுத்துப் படித்த ஆங்கிலேயர் ஒருவருக்கு ‘பவுண்டு ஹெட்ஜ்’ என்ற தொடரின் இரண்டு சொற்களும் தெரிந்தவையே. ‘ஹெட்ஜ்’ என்றால் செடிகளாலான வேலி. ‘பவுண்டு’ என்றால் கட்டப்பட்டது என்று பொருள் உண்டு. ஆகவே கயிற்றாலோ கம்பாலோ இறுக்கிக் கட்டிய வேலி என்று அவர் பொருள் கொண்டால் இலக்கணம் அதைத் தடுக்காது. ஊரில் தோட்டத்தைச் சுற்றி இடுப்பளவு உயரத்தில் வெட்டிவிடப்பட்ட பசுவேலியை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், அதைக் கடப்பதற்கு இத்தனை படைப்பிரிவுகள் எதற்கு என்ற வியப்பும் அவருக்கு எழலாம்.

யூல் இந்த இடத்தில்தான் நிதானிக்கிறார். இது எல்லையைக் குறிக்கும் ‘பவுண்டரி’ என்ற சொல் குறுகித் திரிந்த வடிவம் என்று முதலில் கூறுகிறார். பழைய போர் நூலாசிரியர்கள் இதனைக் கையாண்டனர் என்று வழக்கின் எல்லையை வரையறுக்கிறார். நாட்டுக் கோட்டைகளைச் சுற்றி அடர்த்தியாக வளர்க்கப்பட்ட மூங்கில் அல்லது சப்பாத்திக் கள்ளிப் புதரே இது என்று பொருளைக் காட்டுகிறார். பிறகு 1792 என்ற ஆண்டை இட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்து வேலியைப் பற்றி வில்க்ஸ் தமது மூன்றாம் தொகுதியில் எழுதிய வரியைச் சாட்சியாக நிறுத்துகிறார்.

அச்சாட்சியத்தில் ஒரு நுட்பம் உண்டு. வில்க்ஸ் அந்த வேலியைப் பெயரிட்டதோடு நில்லாமல், அது முட்செடிகளாலான அகன்ற பட்டை என்றும் உடனே விளக்கிச் சொல்கிறார். நிகழ்ச்சி நடந்து 25 ஆண்டுகளுக்குப் பின் அச்சேறிய அந்த நூலிலேயே, இலண்டன் வாசகருக்கு விளக்கம் வேண்டும் என்று ஆசிரியருக்குத் தோன்றியிருக்கிறது. அகராதியாளருக்கு இத்தகைய வரியைக் காட்டிலும் உயர்ந்த செல்வம் வேறில்லை. ஏனெனில் சொல்லும் அதன் பொருளும் ஒரே கையெழுத்தில் அங்கே பதிவாகியுள்ளன.

இதற்குத் துணையாக அகராதியின் வேறொரு பக்கத்தில் ‘மைசூர் முள்’ என்ற பதிவும் இடம்பெறுகிறது. வளைந்த கூர்முட்களை உடைய இக்கொடிச்செடியை ஹைதர் அலி தமது அரண்களைச் சுற்றி நடுவித்தார் என்றும், அதனால் தக்காணத்தில் இது ஹைதரின் செடி என்றே அழைக்கப்பட்டது என்றும் அப்பதிவு கூறுகிறது. தாவரவியலார் வில்லியம் ராக்ஸ்பரோ இதற்கு இட்ட ‘செப்பியாரியா’ என்ற இனப்பெயரும் இலத்தீனில் வேலியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததே. இன்றும் ஆங்கிலத்தில் இச்செடிக்கு மைசூர் முள் என்ற பெயர் வழங்குகிறது. வேலியின் பெயர் வழக்கொழிந்துவிட, வேலியில் நின்ற செடியின் பெயர் பிழைத்துக்கொண்டது.

ஏன் அது வழக்கொழிந்தது என்பதற்கும் விடை போரிலேயே உள்ளது. புதுச்சேரியைச் சுற்றியும் இத்தகைய வேலி இருந்தது. 1760இல் அதைப் பிடித்த பிறகே ஆங்கிலேயர் அந்நகரை நெருக்கினர். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையையும் முள்வேலி சூழ்ந்திருந்தது. 1801 மார்ச்சில் முதல் தாக்குதல் முறியடிக்கப்பட்டு, மே 24இல்தான் கோட்டை வீழ்ந்தது. அதற்குப் பின் தென்னாட்டில் கம்பெனியை எதிர்த்து நிற்கும் கோட்டைகள் அரிதாயின. கோட்டை இல்லாத இடத்தில் காவல்வேலிக்கு வேலையில்லை. வேலையற்ற பொருளின் பெயரை அடுத்த தலைமுறை அதிகாரிகள் கற்க வேண்டியிருக்கவில்லை.

ரெசிடெண்டு என்ற பதவி

முன்பு குறித்த மூன்றாவது வகைக்கும் மைசூரே எடுத்துக்காட்டு தருகிறது. 1799இல் திப்பு வீழ்ந்தபின், ஐந்து வயதுகூட நிரம்பாத மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை அரியணையில் அமர்த்திய கம்பெனி, பூர்ணையாவைத் திவானாக்கி, பாரி குளோஸ் என்ற அதிகாரியை அங்கே ‘ரெசிடெண்டு’ ஆக்கியது. பின்னர் 1803 முதல் சில ஆண்டுகள் வரலாற்றாசிரியர் வில்க்ஸே அப்பொறுப்பில் இருந்தார்.

இன்றைய ஆங்கிலத்தில் அச்சொல் ஓரிடத்தில் குடியிருப்பவரைக் குறிக்கும்; மருத்துவமனைகளில் பயிற்சி நிலை மருத்துவரையும் குறிக்கும். இன்றைய பொருளை மட்டும் அறிந்தவர், வில்க்ஸ் மைசூரில் ரெசிடெண்டாக இருந்தார் என்ற வரியைப் படித்தால், அவர் அங்கே வீடெடுத்துத் தங்கியிருந்தார் என்றுதான் எண்ணுவார். ஓர் அரசின் மீது இன்னோர் அரசு வைத்த கண்காணிப்பு முழுவதும் அந்த வரியிலிருந்து மறைந்துபோகும்.

ஹாப்சன்-ஜாப்சன் இச்சொல்லுக்கு இரண்டு பொருள்களைக் காலத்தால் பிரித்துக் காட்டுகிறது. வாரன் ஹேஸ்டிங்ஸின் காலத்தில் குடிமைப் பணி ஒழுங்குபெறும் வரை, மாகாணங்களிலிருந்த கம்பெனி வணிக நிலையங்களின் தலைவர்கள் ரெசிடெண்டுகள் எனப்பட்டனர். அதற்குப் பின்னர், முக்கியமான நாட்டரசர்களின் அவையில் கவர்னர் ஜெனரலின் பிரதிநிதியாக இருப்பவர் அப்பெயரைப் பெற்றார். வணிகத்தைக் கவனிக்க வந்தவரின் பெயர் அரசைக் கவனிக்க வந்தவருக்குச் சென்ற இந்த மாற்றத்திற்குள் ஒரு நூற்றாண்டின் அரசியல் அடங்கியிருக்கிறது. ஆண்டில்லாத அகராதி எதுவும் இதைக் காட்டியிராது.

வேலிக்கு உள்ளே இருந்தவர்கள்

யூலின் உழைப்பு மதிப்பிற்குரியது. ஆயினும் அவருடைய முறையில் உள்ள குறையைச் சொல்லாமல் விடுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. ஸ்ரீரங்கப்பட்டணத்து வேலிக்குச் சாட்சி சொன்னவர் அதைத் தாக்கிய படையைச் சேர்ந்தவர். டைரம், பீட்சன் ஆகியோரும் ஆங்கிலேயத் தரப்புப் படை அதிகாரிகளே. அந்த முட்களை நட்டுத் தண்ணீர் ஊற்றியவரும், இரவில் அதன் ஓரம் காவல் நின்றவரும், கால்நடை புகாமல் அடைத்தவரும் ஆங்கிலத்தில் எழுதவில்லை ஆதலால் ஆங்கில அகராதியின் சாட்சிக்கூண்டில் அவர்களுக்கு இடமில்லை. அகராதி தரும் பொருள் சரியானதே. ஆனால் அது வேலிக்கு வெளியிலிருந்து பார்த்த பொருள்.

உள்ளிருந்து பார்த்தவர்களின் பொருள் வேறு மொழிகளில் இருக்கிறது. கோட்டையைச் சூழ்ந்து வளர்க்கப்படும் காட்டைத் தமிழ் காவற்காடு என்றது. சங்கப் புலவர்கள் மிளை என்றனர். வள்ளுவர் அரண் அதிகாரத்தின் 742ஆம் குறளில் நீர், நிலம், மலை ஆகியவற்றோடு காட்டையும் அரணின் உறுப்பாக எண்ணினார். ஆங்கிலத் தளபதிகளுக்குப் புதுமையாகத் தோன்றிய ஒன்று, தென்னாட்டுப் போர்க்கலையில் மிகத் தொன்மையானது. அதில் பின்னாளில் சேர்ந்த சப்பாத்திக் கள்ளி மட்டும் அமெரிக்காவிலிருந்து கடல்வழி வந்த புதுவரவு.

ஆங்கிலப் பதிவையும் தமிழ், கன்னடப் பதிவுகளையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் அந்த வேலி முழுமையாகத் தெரியும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்தபோது நூல் மேற்கோள் காட்டும் நெறியைக் கைக்கொண்டது; மைசூர்ப் பல்கலைக்கழகம் 1946இல் தனது ஆங்கில–கன்னட அகராதியை வெளியிட்டது. அப்பணிகள் பின்னர் விரிவாகப் பேசப்படும். சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டைத் தேடித் தரும் வரலாற்று அகராதி, தென்னக மொழிகளுக்கு இன்றும் முழு அளவில் தேவைப்படும் ஒன்றாகும்.

ஆக்ஸ்போர்டுக்குச் சென்ற அச்சுப்படிகள்

யூல் தமது அச்சுப்படிகளைத் திருத்திக்கொண்டிருந்த அதே காலத்தில், ஜேம்ஸ் மரே என்ற அறிஞர் அதைவிடப் பன்மடங்கு பெரிய வேலையில் மூழ்கியிருந்தார். ஆங்கிலச் சொற்கள் அனைத்திற்கும் ஆண்டுவாரியாகச் சாட்சியம் தேடும் அந்த அகராதியின் முதல் பகுதி 1884இல் வெளிவந்தது. கடைசிப் பகுதி 1928இல்தான் வரும். வழக்கொழிந்த சொல்லின் முன்னே குத்துவாள் வடிவக் குறி இடுவது அதன் வழக்கம்.

மரேயிடம் இந்தியச் சொற்களுக்குச் சாட்சியம் குறைவாக இருந்தது. யூல் தமது அச்சுப்படிகளை அவருக்கு அனுப்பினார். பின்னாளில் மரேயின் அந்த ஆக்ஸ்போர்டு அகராதி நூற்றுக்கணக்கான இடங்களில் ஹாப்சன்-ஜாப்சனைச் சான்று காட்டியது.

ஆனால் மரேயிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. அவர் சொற்களை நான்கு நிலையினராகப் பகுத்தார்: மொழியில் பிறந்து வளர்ந்த குடிமக்கள், வந்து குடியேறி உரிமை பெற்றவர்கள், அயலார், எப்போதோ ஒருமுறை வந்துபோகும் வழிப்போக்கர். ஒரு சொல் ஆங்கிலமா, ஆங்கில நூலில் எழுதப்பட்ட வேற்றுச் சொல்லா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டியிருந்தது. தஞ்சாவூரிலும் மைசூரிலும் பாளையங்களிலும் பிறந்து, இரண்டு அகராதியாளர்களின் மேசைகளுக்கிடையே அச்சுப்படிகளாகப் பயணம் செய்த அந்தச் சொற்களில் எவை குடியுரிமை பெற்றன, எவை வாயிலிலேயே நிறுத்தப்பட்டன?

(தொடரும்)